இயற்றியவர்: காலி

டிஸ்கி: தலைப்பைப் பார்த்து இலக்கியப் பதிவு என்று வந்தவர்கள் மன்னிக்கவும். எம்பி3 ஃபைலுக்குள் எழுதியிருக்கும் பேர்களை, கருப்புத் திரையில் கட்டளை அடித்துத் திருத்துவது பற்றிய சண்டை இது. நான் பி.காம். கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க தப்பு கண்டுபிடித்தால் தாராளமாக வரலாம் :-)

உங்கள் போனிலோ லேப்டாப்பிலோ இருக்கிற பழைய தமிழ்ப் பாட்டு ஒன்றை எடுத்து அதன் 'டீடெய்ல்ஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். டைட்டில் இடத்தில் பாட்டின் பேர், அதன் வாலில் எந்த இணையதளத்திலிருந்து இறங்கியதோ அதன் பேர். ஆல்பம் இடத்தில் படத்தின் பேர், கூடவே மறுபடி அந்த இணையதளம். ஆர்டிஸ்ட் இடத்தில் இசையமைப்பாளர், சில சமயம் ஹீரோ(!), பல சமயம் மறுபடியும் அதே இணையதளம். ஒரு வரி பாடாத, ஒரு வரி எழுதாத, ஒரு ரூபாய் செலவழிக்காத ஆசாமியின் பேர் மூன்று இடத்தில். பாடியவர் பேர் அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு இடத்தில். எழுதியவர் பேர்? தேடவே வேண்டாம்.

இப்படிப்பட்ட ஃபைல்களை ஆயிரக்கணக்கில் வைத்துக்கொண்டு "நான் பெரிய மியூசிக் லவ்வர்" என்று சொல்லித் திரிகிற எல்லாரையும் இன்றைக்குக் கொஞ்சம் திட்டலாம் என்றிருக்கிறேன். மௌஸைப் பிடித்து ஒவ்வொன்றாகத் திருத்துகிறவர்களுக்கும் பங்கு உண்டு, அவசரப்படாதீர்கள்.

அக்கவுண்ட்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். பணம் வந்திருக்கிறது, யாரிடமிருந்து என்று தெரியவில்லை. என்ன செய்வோம்? தற்காலிகமாக சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். 'தற்காலிகமாக' என்பதுதான் அங்கே முக்கியம். ஆடிட்டர் வருவதற்குள் அதைத் தீர்த்து, உரியவர் கணக்கில் சேர்க்க வேண்டும். பிளேயரில் 'அன்னோன் ஆர்டிஸ்ட்' என்று வருகிறதே, அது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். நம்ம ஆட்கள் அதில் பத்து வருடமாக அறுநூறு பாட்டைப் போட்டு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அதைவிட மோசம் தப்பான பேர் இருப்பது. சஸ்பென்ஸாவது "தெரியாது" என்று ஒத்துக்கொள்கிறது. தப்பான பேர் கள்ளக்கணக்கு.

சரி, இந்தக் குழப்பம் எங்கே ஆரம்பித்தது? எம்பி3 வந்த புதிதில் ஃபைலுக்குள் பேர் எழுத இடமே கிடையாது, சத்தம் மட்டும்தான். 1996ல் எரிக் கெம்ப் என்பவர் ஃபைலின் கடைசியில் 128 பைட் ஒட்டுகிற யோசனையைக் கொண்டுவந்தார். அதுதான் ஐடி3. முதல் 3 பைட்டில் 'டேக்' என்ற ஆங்கிலச் சொல், பிறகு டைட்டிலுக்கு 30, ஆர்டிஸ்டுக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருடத்துக்கு 4, கமென்டுக்கு 30, கடைசி ஒரே ஒரு பைட் 'ஜானர்' என்கிற பாட்டு வகைக்கு. கூட்டிப் பாருங்கள், 128 டேலி ஆகும். இசையமைப்பாளருக்கு இடமில்லை. பாடலாசிரியருக்கு இடமில்லை. பாடுகிறவரே எழுதி இசையமைக்கிற ஊர்ப் பாட்டுக்குத் தைத்த சட்டை அது. நம்ம சினிமாப் பாட்டுக்கு ஒருத்தர் மெட்டுப் போடுவார், ஒருத்தர் எழுதுவார், இரண்டு பேர் பாடுவார்கள், வேறு இரண்டு பேர் திரையில் வாயசைப்பார்கள். இத்தனை பேரையும் 'ஆர்டிஸ்ட்' என்ற ஒரே பெஞ்சில் உட்காரச் சொன்னால் யாராவது கீழே விழத்தானே செய்வார்கள்?

அந்தக் கடைசி ஒரு பைட் பற்றி ஒரு காமெடி. ஜானர்களுக்கு நம்பர் போட்டார்கள், முதல் பட்டியலில் 0 முதல் 79 வரை. 0 என்றால் 'ப்ளூஸ்', அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. அந்த பைட்டைக் கண்டுகொள்ளாமல் பூஜ்யமாக விட்ட மென்பொருள்கள் உண்டு. அதனால்தான் உங்கள் ஃபோல்டரில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பக்திப் பாட்டு ப்ளூஸாக நிற்கிறது. சினிமாப் பாட்டுக்கு 24, 'சவுண்ட்டிராக்'. யாரும் அதைத் தொட்டதில்லை.

இன்னொரு கொடுமை தமிழ் எழுத்து. யூனிகோடில் பரவலாகப் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகள். ஆக 30 பைட்டில் பத்துக் குறிதான். 'இளையராஜா' 24 பைட்டில் தப்பித்துவிடுவார். 'ஏ.ஆர்.ரஹ்மான்' 35 பைட், வெளியே தள்ளப்படுவார். எம்.எஸ்.விஸ்வநாதன் 50 பைட் கேட்பார், கிடைக்கிற முப்பதில் 'எம்.எஸ்.விஸ' என்று பாதியில் நிற்பார். அதுவும் அந்தப் பழைய டேக் ஐரோப்பிய எழுத்துகளுக்கென்று வந்தது. அதில் தமிழைத் திணித்தால் கொக்கி போட்ட, தொப்பி வைத்த லத்தீன் எழுத்துக் கொத்துதான் பல பிளேயர்களில் வரும். திஸ்கி காலத்து ஃபைல் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

"பார்த்தியா, குறை டெக்னாலஜியில, என்னை ஏன் திட்டுற?" என்று எழுந்திருக்காதீர்கள். உட்காருங்கள். இந்தச் சாக்கு 1998லேயே செத்துவிட்டது.

அந்த வருடம் ஐடி3-யின் இரண்டாம் பதிப்பு வந்தது. ஃபைலின் வாலை விட்டுவிட்டுத் தலையில் உட்கார்ந்தது. அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் தனிப் பெட்டி, பெட்டி எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். 1999ல் வந்த 2.3, 2000ல் வந்த 2.4 இரண்டும்தான் இன்றைக்கும் எல்லா இடத்திலும் புழங்குகின்றன. 2.3-இல் யுடிஎஃப்-16 வழியாகவும் 2.4-இல் யுடிஎஃப்-8 வழியாகவும் தமிழ் ஜம்மென்று உட்காரும். பாடியவருக்கு ஒரு பெட்டி, இசையமைத்தவருக்கு ஒரு பெட்டி, பாடல் எழுதியவருக்கென்றே ஒரு பெட்டி. கடைசியாகச் சொன்னதன் நாலெழுத்துப் பேர் 'டெக்ஸ்ட்'. ஆக, கவிஞருக்கு நாற்காலி போட்டுக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அவரை அதில் உட்கார வைக்கத்தான் நமக்குக் கை வரவில்லை.

1992ல் வந்த 'ரோஜா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மின்மினி பாடிய பாட்டுக்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்துக்காகவே ரஹ்மானுக்கும் தேசிய விருது. நாட்டின் உயரிய சினிமா விருதே "எழுதியவர் இவர்" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன பாட்டு. என் வகுப்பு நண்பர்கள் நாலு பேர் வைத்திருக்கும் ஃபைலில் பார்த்தேன். நாலிலும் ஆர்டிஸ்ட், ஏ.ஆர்.ரஹ்மான். மின்மினி ஒன்றில் இருக்கிறார். வைரமுத்து ஒன்றிலும் இல்லை. விருது வாங்கின பாட்டுக்கே இந்த கதி என்றால், ஒரு படத்தில் ஒரே ஒரு பாட்டு எழுதிவிட்டு ஊருக்குத் திரும்பின கவிஞரை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். படம், பாடியவர்கள், இசை, பாடலை இயற்றியவர் என்று அறிவிப்பாளர் சொல்லித்தான் பாட்டு வரும். அதனால்தான் எங்கள் பெரியப்பா எந்தப் பாட்டைப் போட்டாலும் "இது மருதகாசி", "இது ஆலங்குடி சோமு" என்கிறார். அவருக்குத் தனி மூளை ஒன்றும் கிடையாது. அவருக்குச் சொல்லி வைத்தார்கள், நமக்கு யாரும் சொல்லவில்லை. நமக்குச் சொல்ல வேண்டிய இடம் அந்தப் பெட்டிதான். அதைத்தான் காலியாக வைத்திருக்கிறோம்.

வருடத்தை மட்டும் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 'பில்லா' ஒன்று போதும். 1980ல் எம்.எஸ்.வி. இசையில் ஒரு பில்லா, 2007ல் யுவன் சங்கர் ராஜா இசையில் இன்னொன்று. போதாக்குறைக்கு முதல் படத்துப் பாட்டை இரண்டாம் படத்தில் ரீமிக்ஸ் வேறு செய்தார்கள். ஆல்பம் 'பில்லா', பாட்டின் பேரும் ஒன்று. வருடமும் இல்லை, இசையமைப்பாளர் பெட்டியும் காலி என்றால், பிளேயர் பாவம், ரஜினியையும் அஜித்தையும் ஒரே கவரில் போட்டுக் கொடுக்கும். பொல்லாதவன், படிக்காதவன், முரட்டுக்காளை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இப்போது மௌஸ் கட்சிக்கு வருகிறேன். "எம்பி3டேக் மாதிரி நல்ல சாஃப்ட்வேர் இருக்கு, கிளிக் பண்ணா முடிஞ்சுது, எதுக்குப்பா கருப்பு ஸ்கிரீன்ல பந்தா?"

எம்பி3டேக் நல்ல மென்பொருள், நூறு ஃபைலை மொத்தமாக மாற்றவும் அதில் முடியும், மறுக்கவில்லை. என் சண்டை வேறு. கிளிக் செய்ததற்கு வவுச்சர் இருக்கிறதா? நேற்று ராத்திரி நூறு ஃபைலில் என்ன மாற்றினீர்கள், எதை எதுவாக மாற்றினீர்கள் என்று இன்றைக்குக் காலையில் கேட்டால் பதில் உண்டா? ஞாபகம்தான் பதில். கட்டளையாக அடித்தால், அடித்த வரியே வவுச்சர். அதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேர்த்து வைத்தால் அதுவே டே புக். தேதி போட்டு வைக்கலாம், பக்கத்தில் ஏன் என்று நரேஷன் எழுதலாம். ஹார்ட் டிஸ்க் போய் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்தால், அதே ஃபைலை மறுபடி ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் எல்லாத் திருத்தமும் திரும்ப வந்துவிடும். மௌஸ் கட்சிக்காரர் மறுபடி முதலிலிருந்து கிளிக்க வேண்டும். கிளிக்கட்டும்.

இதைவிடப் பெரிய காரணம் பேர்களின் ஸ்பெல்லிங். டேலியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும். 'முருகன் டிரேடர்ஸ்', 'முருகன் டிரேடர்', 'ஸ்ரீ முருகன் டிரேடர்ஸ்' என்று ஒரே பார்ட்டிக்கு மூன்று லெட்ஜர். யார் எவ்வளவு பாக்கி என்று கடவுளுக்கே தெரியாது. எஸ்.பி.பி.யின் கதி அதுதான். இனிஷியலுக்கு நடுவே புள்ளி வைத்தும் வைக்காமலும், இடம் விட்டும் விடாமலும், ஆங்கிலத்தில் 'பாலசுப்ரமணியம்' என்பதை எழுத எத்தனை வழியுண்டோ அத்தனையும். என் ஃபோல்டரில் மட்டும் அவர் பதினோரு பேராக இருந்தார். கருப்புத் திரையில் இது இரண்டு வேலை. எல்லா ஃபைலின் ஆர்டிஸ்ட் வரியையும் வெளியே கொட்டி, அகர வரிசைப்படுத்தி, ஒரே மாதிரி இருப்பதை ஒன்றாக்கினால் மொத்தப் பேர் பட்டியல் வந்துவிடும். அதை எக்செலில் இரண்டு காலமாக்கி, இடப்பக்கம் இருக்கிற பேர், வலப்பக்கம் இருக்க வேண்டிய பேர் என்று எழுதி, ஒரு சின்ன லூப்பில் ஓட்டினால் பதினோரு எஸ்.பி.பி.யும் ஒருவராகிவிடுவார். இதில் மூளை வேலை அந்த இரண்டு காலம் மட்டும்தான், அதை நாம்தான் செய்தாக வேண்டும். மீதி மாட்டு வேலை, அதை மெஷின் செய்யட்டும்.

எதை வைத்துச் செய்வது என்று கேட்பவர்களுக்கு. (பேர்களைத் தமிழில் எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கிலம்தான்.) எம்பி3க்கு 'ஐடி3வி2' என்றே ஒரு பழைய கருவி உண்டு. தமிழுக்கு அது வேண்டாம், யூனிகோடில் தகராறு செய்யும். அதே மாதிரி ஆப்ஷன்களோடு 'மியூட்டஜென்' தொகுப்பில் 'மிட்3வி2' வருகிறது, அதைப் பிடியுங்கள். 'ஐடி3' என்பதையே திருப்பிப் போட்ட மாதிரிப் பேருள்ள 'ஐடி3'யும், அதாவது 'கண்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஆரம்பிக்கிறதே அதுவும் நல்லது. பழைய கார் ஸ்டீரியோ சிலது 2.4-ஐப் படிக்காமல் முறைக்கும், அதற்கு 2.3 ஆக மாற்றித் தர அது உதவும். ஃப்ளாக் ஃபைலுக்கு 'மெட்டாஃப்ளாக்'. ஃப்ளாக்கில் இன்னும் சுகம். பெட்டிக்கு நாமே பேர் வைக்கலாம், தமிழ் முதல் நாளிலிருந்தே யுடிஎஃப்-8, டூயட் என்றால் ஆர்டிஸ்ட் வரியை இரண்டு தடவை எழுதிக்கொள்ளலாம். ஆனால் மெட்டாஃப்ளாக்கில் 'செட்-டேக்' என்றால் பழசை அழிக்காது, பக்கத்தில் இன்னொன்றைச் சேர்க்கும். முதலில் 'ரிமூவ்-டேக்', பிறகு 'செட்-டேக்'. இது தெரியாமல்தான் சிலர் ஃபைலில் இசையமைப்பாளர் இரட்டைப் பிறவியாக இருக்கிறார்.

எம்பி3யில் டூயட்டுக்கு 2.3 பதிப்பு சாய்கோடு போடச் சொன்னது. 'ஏசி/டிசி' என்று பேர் வைத்திருந்த ஆஸ்திரேலிய ராக் குழுவை இரண்டு பேராக வெட்டியது இந்த விதி. நமக்கு நல்லவேளை, பேரில் சாய்கோடு உள்ள பாடகர் யாரும் இல்லை.

'எஃப்எஃப்எம்பெக்' வைத்தும் செய்யலாம், எல்லா ஃபார்மட்டையும் அது தொடும். ஆனால் 'சி காப்பி' ஆப்ஷனைப் போடாமல் ஓட்டினால் பேரை மாற்றுகிற சாக்கில் சத்தத்தையும் புதிதாக அமுக்கித் தரும். 320ல் இருந்த பாட்டு 128க்கு இறங்கியிருக்கும், பேர் மட்டும் அழகாக இருக்கும். மற்றபடி டேக் மாற்றினால் பாட்டின் தரம் கெடும் என்பது சுத்தப் புரளி. மிட்3வி2வோ மெட்டாஃப்ளாக்கோ சத்தத்தின் ஒரு பைட்டைக்கூடத் தொடுவதில்லை.

கருப்புத் திரையில் ஆபத்து இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வரியில் நாலாயிரம் ஃபைலைத் திருத்த முடியும் என்றால் ஒரு வரியில் நாலாயிரத்தையும் கெடுக்கவும் முடியும். ஃபோல்டரைக் காப்பி எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். லூப்புக்குள் கட்டளைக்கு முன்னால் 'எக்கோ' என்று போட்டு ஓட்டினால் செய்யாமல், என்ன செய்யப் போகிறது என்று மட்டும் காட்டும். அதைப் படித்துவிட்டு எக்கோவை எடுங்கள். ஃபைல் பேரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி அவசியம், தமிழ்ப் பாட்டுக்கு எப்போதும் இருக்கும். மெட்டாஃப்ளாக்கில் எல்லா டேக்கையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்கு ஏற்றுமதி செய்து வைத்துத் திரும்ப இறக்கவும் முடியும்.

அடுத்த கட்சி. "இப்ப யாருப்பா ஃபைல் வெச்சிருக்கா? எல்லாம் ஸ்ட்ரீமிங்தானே, பேரெல்லாம் கம்பெனிக்காரன் பார்த்துப்பான்."

பார்த்துக்கொள்கிறவன் எப்படிப் பார்த்துக்கொள்வான் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆடியோ சிடியில் பெரும்பாலும் பாட்டின் பேரே பதிந்திருக்காது. எத்தனை பாட்டு, எவ்வளவு நீளம் என்பதுதான். 1990களில் டி கான் என்பவர் சிடிடிபி என்ற பட்டியலை ஆரம்பித்தார். சிடியைப் போட்டதும் நீளங்களை வைத்து இது எந்த சிடி என்று கண்டுபிடிக்கும். பட்டியலில் இல்லையா, கேட்பவரே பேர்களை அடித்து அனுப்புவார். இப்படி உலகம் முழுக்க ஆட்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து அடித்தார்கள். பிறகு அது ஒரு கம்பெனி கைக்குப் போய் 'கிரேஸ்நோட்' ஆனது, உரிமம் வாங்காத மென்பொருள்களுக்குக் கதவைச் சாத்தியது. 2008ல் சோனி அதை ஏறக்குறைய 26 கோடி டாலருக்கு வாங்கியது. ஜனங்கள் சும்மா அடித்துக் கொடுத்த பேர்கள்! அந்தக் கோபத்தில் பிறந்த இலவச 'ஃப்ரீடிபி' 2020ல் மூடப்பட்டது. 2000ல் ராபர்ட் கே ஆரம்பித்த 'மியூசிக்பிரெய்ன்ஸ்' இன்னும் திறந்த கதவோடு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பேர்ப் பட்டியலுக்கு விலை இல்லை என்று நினைக்கும் காமர்ஸ் மாணவர்களே, அந்த 26 கோடியை ரூபாயில் மாற்றிப் பாருங்கள்.

பேர் என்பது வெறும் மரியாதை சமாச்சாரமும் கிடையாது. 2012ல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்காக மாநிலங்களவையில் வாதாடியவர்களில் ஒருவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். தியேட்டரில் படத்தோடு ஓடுவது போக மற்ற வழிகளில் பாட்டு பயன்பட்டு வருகிற ராயல்டியில், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு. அதைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. சட்டம் பங்கு கொடுத்துவிட்டது. பங்கு யாருக்கு என்பதை எந்தப் பட்டியலாவது சொன்னால்தானே பணம் நகரும்? என் ஃபோல்டரில் நான் கண்ணதாசன் பேரைப் போட்டால் அவர் வாரிசுகளுக்கு ஒரு பைசா வராது, எனக்குத் தெரியும். ஆனால் எழுதியவர் பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்தும் உறுத்தாத கூட்டமாக நாம் இருக்கும்வரை, பெரிய பட்டியல்களில் அதை நிரப்பச் சொல்லி யார் கேட்பார்கள்? வாடிக்கையாளர் பில் கேட்காத கடையில் பில் போட மாட்டார்கள்.

பேரை எங்கே போய்த் தேடுவது என்பீர்கள். வீட்டுப் பரணில் கேசட் கவர் இருக்கிறது. சிடிக்குள் மடித்து வைத்த தாள் இருக்கிறது. படத்தின் டைட்டில் கார்டு இருக்கிறது, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். சில படங்களில் நாலு கவிஞர் பேரை ஒரே கார்டில் போட்டுவிட்டு எது யாருடையது என்று சொல்லாமல் விட்டிருப்பார்கள். அங்கே பெரியப்பாக்கள்தான் கதி. அவர்களும் இல்லாமல் போனபிறகு கேட்க ஆள் கிடையாது, அதனால் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது லேப்டாப்பையும் எடுத்துப் போங்கள்.

என்னிடம் இதுவரை ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு பாட்டுக்கு எழுதியவர் பேர் சேர்ந்திருக்கிறது. படம், வருடம், பாட்டு, பாடியவர், இசை, இயற்றியவர் என்று ஆறு காலம், சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். அந்த எஸ்.பி.பி. லூப்பும் கூடவே இருக்கிறது. இன்டர்னல்ஸ் முடிந்ததும் பென்டிரைவோடு வருகிறவர்களுக்கு இரண்டையும் தருகிறேன். பாட்டு கேட்காதீர்கள், தர மாட்டேன்.